கேணியில் மூன்றில் ஒரு பங்கு

2019 கோடையில் அம்பத்தூரில் வாடகை வீட்டில் இருந்தோம். தண்ணீர் லாரி எப்போது வரும் என்று தெரியாமல், இரவு பதினொரு மணிக்குக் குடங்களோடு தெருவில் உட்கார்ந்திருப்பேன். அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். தண்ணீர் ரயிலேறி வரவேண்டிய ஊரில் இன்னும் எத்தனை நாள் இருப்பது என்று கணவர் கேட்டார். திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கம் பக்கம் அவருக்குப் பூர்வீகம். நிலம் மட்டும் அவருடைய தாத்தா காலத்திலேயே போய்விட்டது.

ஊர்ப்பக்கம் போய் எங்கள் சாப்பாட்டை நாங்களே விளைவிப்பது என்று முடிவு செய்தோம். கணக்கெழுதுவது என் தொழில். அதனால் நிலம் தேடுவதற்கு முன் எங்கள் சாப்பாட்டைக் கணக்கெடுத்தேன். நான்கு பேருக்கு மாதம் 25 கிலோ அரிசி. வருடத்துக்கு 300 கிலோ. அதற்கு ஏறக்குறைய 460 கிலோ நெல் வேண்டும், அதாவது 75 கிலோ மூட்டையாக ஆறு. நாட்டு ரகம் போட்டால் அரை ஏக்கர் தாராளம். கடலை எண்ணெய் மாதம் மூன்று லிட்டர். செக்கில் ஆட்ட, ஓடு நீக்கிய நிலக்கடலைப் பருப்பு நூறு கிலோ போதும். விதைக்கும் சேர்த்து 40 சென்ட் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை. துவரையும் உளுந்தும் வரப்பிலும் ஊடுபயிராகவும். இப்படிக் கூட்டிப் பார்த்ததில், வீட்டையும் மாட்டுக் கொட்டகையையும் சேர்த்து ஒன்றரை ஏக்கருக்கு மேல் தேவைப்படவில்லை. ஐந்து ஏக்கருக்குக் கடன் வாங்க இருந்தோம். அந்தக் கணக்கு நோட்டுதான் எங்களைத் தடுத்தது.

2020 தொடக்கத்தில் ஒரு ஏக்கர் 60 சென்ட் அமைந்தது. முப்பது வருட வில்லங்கம் பார்த்தோம், சர்வேயரை வைத்து அளந்தோம். கூட்டுப் பட்டாவாக இருந்ததால் உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்க ஏழு மாதம் அலைந்தோம். வண்டிப் பாதை புலப்படத்தில் (நில அளவை வரைபடத்தில்) இருக்கிறதா என்று பார்க்காமல் யாரும் முன்பணம் கொடுக்காதீர்கள். பக்கத்து நிலத்துக்காரர் இன்று வழி விடுவார். அவர் பிள்ளை விடுவாரா என்று யார் சொல்ல முடியும்?

பத்திரத்தில் நான் மூன்று முறை படித்தது ஒரே ஒரு வரியைத்தான்: கேணியில் மூன்றில் ஒரு பங்கும், மின்மோட்டார் இணைப்பில் மூன்றில் ஒரு பங்கும், வாய்க்கால் பாத்தியமும். எங்கள் பக்கத்தில் பல கேணிகள் இப்படிப் பங்குக் கேணிகள்தான். ஆறு நாள் சுற்றில் எங்களுக்கு இரண்டு நாள் முறை. பங்கு வைத்தால் சண்டைதான், தனியாக போர்வெல் போடுங்கள் என்று நகரத்து நண்பர்கள் சொன்னார்கள். போர்வெல்லுக்குப் பணம் இல்லை. புதிய இலவச மின் இணைப்புக்குக் காத்திருக்கும் வரிசையோ நீளம். வேறு வழி இல்லாமல்தான் அந்தப் பங்கை ஏற்றோம். மற்ற இரண்டு பங்குக்காரர்கள் இல்லாமல் எங்களால் முதல் வருடத்தைத் தாண்டியிருக்க முடியாது என்பது அப்போது தெரியாது.

2021 சித்திரையில் குடிவந்தோம். ஆடியில் மல்லாட்டை விதைத்து, ஆவணியில் கிச்சிலிச் சம்பா நெல் நட்டோம். ஐப்பசியில் மல்லாட்டை பிடுங்கும் பருவம் வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. அந்த ஆண்டு வடமாவட்டங்களில் மழை விடவே இல்லை. நாங்கள் போட்டிருந்தது கொத்து ரகம். அதற்கு விதை உறக்கம் கிடையாது. முற்றிய காய் ஈரத்தில் நின்றால் மண்ணுக்குள்ளேயே முளைவிடும். ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். நான்கு காய்கள் ஓடு வெடித்து, வெள்ளை முளை வெளியே வந்திருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வரப்பிலேயே அழுதேன்.

மறுநாள் விடிவதற்குள் இரண்டு பங்குக்காரர் வீடுகளிலிருந்தும் ஒன்பது பேர் வந்து நின்றார்கள். யாரும் கூலி பேசவில்லை. மழை விட்ட நேரத்தில் பிடுங்கினோம், பெய்த நேரத்தில் திண்ணையில் உட்கார்ந்து காய் ஆய்ந்தோம். கூடம், சமையலறை, கட்டிலடி என்று வீடு முழுவதும் காய் பரப்பினோம். தினமும் காலையில் என் மகள் ஒரு பிடி எடுத்துக் காதருகே குலுக்குவாள். முதல் வாரம் சத்தமே இல்லை. பன்னிரண்டாம் நாள் ஓட்டுக்குள் பருப்பு உருண்டு கலகலத்தது. அந்தச் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது.

நெல்லில் நடந்தது என் தவறு. அரை ஏக்கருக்கு நான்கு டிப்பர் எரு அடித்திருந்தேன். மேல் பங்குக்காரரின் அம்மா வரப்பில் நின்று, "கண்ணு, கிச்சிலிக்கு இவ்வளவு எரு ஆகாது. கொழுத்து வளர்ந்து படுத்துவிடும்" என்றார். இயற்கை எருவில் அதிகம் என்று ஒன்று உண்டா என்று நினைத்தேன். கார்த்திகை மழையில் இடுப்புயரப் பயிர் பாதிக்கு மேல் சாய்ந்தது. அந்த அம்மாவே வந்து, நான்கைந்து குத்துகளை நிமிர்த்தி அவற்றின் தாளாலேயே சேர்த்துக் கட்டக் கற்றுக்கொடுத்தார். மூன்று நாள் குனிந்து கட்டினோம். நெல் தாளின் சுணை பட்டுக் கை முழுவதும் சிவந்து தடித்தது. பத்து மூட்டை எதிர்பார்த்த இடத்தில் ஏழுதான் வந்தது. ஆனால் நோட்டில் எழுதியிருந்தது ஆறு. முதல் பானைச் சோற்றை அந்த அம்மா வீட்டுக்குத்தான் கொண்டுபோனேன்.

இத்தனை வருடத்தில் அரிசி, எண்ணெய், பால், முட்டை, காய்கறி ஆகியவற்றைக் கடையில் வாங்குவது அநேகமாக நின்றுவிட்டது. துவரையைச் செம்மண் கரைசலில் புரட்டிக் காயவைத்து, தேவைப்படும்போது உடைத்துக்கொள்கிறோம். உப்பு, புளி, துணி, பெட்ரோல், பிள்ளைகளின் படிப்பு, மருந்து எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும்; எங்களுக்கு மாதம் பதினான்காயிரம் ஆகிறது. அதற்காக நான்கு கடைகளுக்கு இன்னும் கணக்கெழுதுகிறேன். நிலமே பணமும் தரும் என்று நம்பி வேலையை விட்டு வந்த இரண்டு குடும்பங்கள் ஒன்றரை வருடத்தில் திரும்பிப் போனதைப் பார்த்தேன். உழைப்பில் அவர்கள் எங்களுக்குக் குறைந்தவர்கள் இல்லை. கையில் கொஞ்சம் பணவரவு இருந்திருந்தால் நின்றிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

ஒருவர் நிலத்தில் மற்றவர் கூலியில்லாமல் மாறி மாறி வேலை செய்யும் கைமாற்றுக் கணக்கும் என் நோட்டில் ஏறியிருக்கிறது. மேல் பங்குக்கு நடவில் நான்கு நாள் கொடுத்தாயிற்று, கீழ்ப் பங்குக்கு இன்னும் இரண்டு நாள் பாக்கி. சித்திரையில் கேணி தூர் வாருவதாகப் பேசியிருக்கிறோம். செலவில் மூன்றில் ஒரு பங்கு எங்களுடையது. இந்த மாதக் கணக்கில் எடுத்து வைத்துவிட்டேன்.