எறிந்தால் எழும் பொம்மை: நான்கு முறை செய்து பார்த்ததில் தெரிந்தவை

ரங்கூனின் ஷ்வேடகோன் பயா என்ற புத்தர் கோயிலின் படிக்கட்டுக் கடைகளில் இன்றும் இந்தப் பொம்மையைப் பார்க்கலாம். சிவப்பு உடம்பு, பொன் கோடுகள், கூரான தலை, உருண்ட அடி. படுக்க வைத்துக் கையை எடுத்தால் எழுந்து நிற்கும். பர்மியப் பெயர் பிட்தைங்தவுங். பிட் என்றால் எறி, தைங் என்றால் தோறும், தவுங் என்றால் நிமிர்ந்து நில். எறியும்தோறும் நிமிர்வது. தஞ்சாவூர்த் தலையாட்டிக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளலாம்.

1962-க்குப் பிறகு வெளிநாட்டுச் சாமான் வரத்து சுருங்கிப்போன காலத்தில் ரங்கூனில் வளர்ந்தவர்களுக்குத் திருவிழாச் சாமான் என்றால் காகிதப் புலி, காகித யானை, இந்தப் பொம்மை. பிறகு பிளாஸ்டிக் வந்து தரையெல்லாம் நிறைந்தது. காகிதப் பொம்மை இப்போது சுற்றுலாக்காரர் வாங்கும் அலங்காரமாகிவிட்டது. பல கடைப் பொம்மைகள் அலமாரியில் நிற்கத்தான் லாயக்கு, எறிந்தால் அடி நசுங்கிவிடும். எறியக்கூடிய பொம்மையை வீட்டிலேயே செய்ய முடியுமா என்று பார்த்ததன் குறிப்பு இது. மாசியில் தொடங்கி மழை பிடித்தபின் ஆனியில் முடிந்தது.

முதல் பொம்மை: படுத்தே கிடந்தது

அச்சு களிமண்ணில்தான். 8 செ.மீ. வாயுள்ள கிண்ணத்தில் மண்ணை அழுத்தி ஓர் அரைக்கோளம், அதன் தலையில் 8 செ.மீ. உயரக் கூம்பு. மொத்தம் 12 செ.மீ. நிழலில் ஐந்து நாள் காய்ந்தது. வெயிலில் வைத்தால் அச்சு வெடிக்கும்.

காகிதம் எட்டுச் சுற்று. முதல் சுற்றைப் பசையில்லாமல் வெறும் தண்ணீரில் நனைத்து ஒட்ட வேண்டும். இதை மறந்தால் காகிதம் அச்சோடு ஒன்றிப்போய், அச்சை உடைத்துத்தான் பிரிக்க முடியும். தாளைக் கத்தரியால் வெட்டாமல் கையால் 1.5 செ.மீ. அகலத்துக்குக் கிழிக்க வேண்டும். கிழிந்த ஓரம் மெலிந்து பக்கத்துத் துண்டோடு கலந்துவிடும், வெட்டிய ஓரம் படிபோல் நிற்கும். ஒரு சுற்று பர்மிய நாளிதழ், அடுத்த சுற்று காக்கித்தாள் என்று மாற்றி ஒட்டினால் எத்தனை சுற்று ஆனது என்று எண்ண வேண்டாம், எங்கே விட்டுப்போனது என்பதும் கண்ணுக்குத் தெரியும். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை காயவிட வேண்டும். எட்டையும் ஒரே நாளில் ஒட்டினால் மேலே காய்ந்து உள்ளே ஈரம் நின்று, தோல் சுருக்கம் விழும்.

பசைக்கு 100 கிராம் மைதா, 550 மில்லி தண்ணீர். மாவை 150 மில்லி பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொண்டு, மீதித் தண்ணீர் கொதிக்கும்போது ஊற்றி, வெளுப்பு மாறிக் கண்ணாடிபோல் ஆகும்வரை சிறுதீயில் ஐந்து நிமிடம் கிளற வேண்டும். இங்கே கடைத்தெருவில் மாவு வாங்கினால் வீசைக் கணக்கு. பர்மா வீசை 1.63 கிலோ. அரைக்கால் வீசையில் பாதி, அதாவது 100 கிராம் சொச்சம், ஒரு பொம்மைக்குத் தாராளம்.

காய்ந்த காகித ஓட்டினை அச்சிலிருந்து எடுத்து, அடியில் 40 கிராம் களிமண் வைத்து மூடிச் சோதித்தோம். நிமிர்த்தி வைத்து லேசாகத் தட்டினால் அழகாக ஆடியது. படுக்க வைத்தால் படுத்தே கிடந்தது. எடை போதவில்லை என்றுதான் யாருக்கும் தோன்றும். மண்ணை 80 கிராம் வரை ஏற்றிப் பார்த்தோம். அப்போதும் எழவில்லை.

கோளாறு எடையில் இல்லை, இடுப்பில் இருந்தது. அரைக்கோளம் முடிந்து கூம்பு தொடங்கும் இடத்தில் ஒரு முனை விழுந்திருக்கிறது. பொம்மை சாயும்போது அந்த முனையைத் தாண்டிக் கூம்பின் பக்கவாட்டில் போய்ப் படுத்துவிடுகிறது. திரும்பி வர வேண்டுமானால் முனையைச் சுற்றி மொத்த உடம்பும் மேலே ஏற வேண்டும். இந்த அளவில் எடையின் மையம் தரையிலிருந்து 2 செ.மீ.க்கும் கீழே இருந்தால்தான் அது நடக்கும். 40 கிராமுக்கு மையம் சுமார் 2.4 செ.மீ.யில் நிற்கிறது. மண்ணைக் கூட்டக் கூட்ட மண்ணின் மட்டமும் உயர்வதால், இரட்டிப்பாக்கியும் 2.2-க்குக் கீழே இறங்கவில்லை. எறிந்தால் எழுவதற்கு முதலில் வடிவம் வேண்டும், எடையெல்லாம் அதற்குப் பிறகு. ஈயம் போட்டால் இறங்கும்தான், ஆனால் பிள்ளைகள் கையில் போகிற சாமானில் ஈயம் கூடாது.

இரண்டாவது: வடிவம் சரி, அடி தொங்கிற்று

முனையே இல்லாத வடிவம் வேண்டும். உருண்டை பாதியோடு நிற்காமல் இடுப்பைத் தாண்டி மேலேறி, கூம்பு அதைத் தொட்டுக்கொண்டே தொடங்க வேண்டும். அதற்கு அட்டையில் ஒரு அளவுச்சட்டம் வெட்டிக்கொண்டோம். 4 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம். வட்டத்தின் மையத்திலிருந்து நேர் மேலே 8 செ.மீ.யில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியிலிருந்து வட்டத்தின் இரு பக்கமும் தொட்டுச் செல்லும் இரண்டு கோடு. கோடு வட்டத்தைத் தொடும் இடம் மையத்துக்கு 2 செ.மீ. மேலே வரும், அங்கே அகலம் 6.9 செ.மீ. இருக்கும். இந்த இரண்டு அளவும் சரியாக வந்தால் வரைபடம் சரி. உள்பக்கத்தை வெட்டியெடுத்து, பாதி அட்டையை ஈரமண்ணைச் சுற்றித் தேய்த்து ஓட்டினால் அச்சு தானாக வடிவத்துக்கு வரும். கடைசல் பட்டறையில் மரத்தில் கடைந்து வாங்கினால் ஆயுசுக்கும் ஓர் அச்சு போதும்.

உயரம் பழைய 12 செ.மீ.தான். ஆனால் இந்த வடிவத்தில் எடையின் மையம் உருண்டையின் மையத்துக்குக் கீழே, அதாவது 4 செ.மீ.க்குக் கீழே இருந்தாலே போதும், எந்தப் பக்கம் படுத்தாலும் எழும். வண்ணம் அடித்த வெறும் ஓடு 25 கிராம். அதன் மையம் 4.7 செ.மீ. உயரத்தில். 5 கிராம் மண் போட்டாலே கணக்குக்குச் சரியாகிவிடும். ஆனால் அது தூக்கம் கலையாத பிள்ளைபோல் எழும். 40 கிராமுக்கு விசுக்கென்று எழுந்து நான்கைந்து முறை ஆடி நிற்கிறது. 80-க்கு எழும் வேகம் பெரிதாகக் கூடவில்லை. விழும்போது அடி வாங்குவதுதான் கூடுகிறது.

அச்சை எடுக்கக் காகித ஓட்டினை எங்கே வெட்டுவது என்பதில் கவனம் வேண்டும். நெட்டுக்குத்தாக வெட்டினால் தையல் அடிப்பாகத்தின் நடுவே போகும், பொம்மை அந்தக் கோட்டின்மேல் தடுக்கி ஆடும். இடுப்புக்கு மேலே வெட்டினால் வாய் குறுகி அச்சு வெளியே வராது. உருண்டை மிக அகலமாக இருக்கும் வரியில், தரையிலிருந்து 4 செ.மீ.யில், சுற்றிலும் வெட்டுவதுதான் வழி. வெட்டுமுன் பென்சிலால் குறுக்கே இரண்டு மூன்று இடத்தில் கோடு போட்டுவைத்தால் திரும்ப ஒட்டும்போது மேல்பாதி பழைய இடத்தில் உட்காரும். அச்சு கையால் பிடித்தது, முழு வட்டமாக இருக்காது. கால் சுற்று திரும்பிவிட்டால் ஓரம் பொருந்தாது.

இதெல்லாம் சரியாக வந்தபின் சறுக்கியது மண்ணில். ஈரக் களிமண்ணை அப்படியே அடியில் அப்பி மூடினோம். ஈரம் காகிதத்தில் இறங்கி, ஒரே இரவில் அடி ரூபாய்க் காசளவு தட்டையானது. தட்டை விழுந்தபின் அது பொம்மை இல்லை, பேப்பர்வெயிட். நான்கு நாள் கழித்து மண் காய்ந்து சுருங்கி உள்ளே கடகடவென்று உருண்டது. பத்தாம் நாள் பூஞ்சை வாடை.

மண்ணுக்குப் பதில் மணல் போடலாமே என்று கேட்கலாம். உதிரி மணல் பொம்மையோடு சேர்ந்து படுத்துக்கொள்ளும். பக்கத்துக்கு ஓடிய மணல் பொம்மையைப் பக்கவாட்டிலேயே பிடித்து வைக்கும். எடை அசையாமல் இருந்தால்தான் வேலை நடக்கும். இரும்பு நட்டு, போல்ட் ரங்கூன் ஈரத்தில் துருப்பிடித்து வெளிப்பூச்சில் கறை காட்டும்.

மூன்றாவது: எழுந்தது, கோணலாக

மண்ணைத் தனியாகக் காயவைத்துப் பிறகு வைப்பது என்று முடிவு. கீழ்ப்பாதி ஓட்டுக்குள் ஒரு பாலித்தீன் தாளை விரித்து, 50 கிராம் ஈரமண்ணை அழுத்தினோம். அதில் ஊறவைத்துப் பிழிந்த காகிதக்கூழ் ஒரு பிடி பிசைந்திருந்தது. கூழ் சேர்த்தால் மண் வெடிப்பதும் சுருங்குவதும் குறையும். நடுவில் 1.5 செ.மீ. கனம், மேல்விட்டம் 6 செ.மீ. தாளோடு தூக்கி வெளியே எடுத்து நான்கு நாள் நிழலில். காய்ந்தபின் தராசில் 40 கிராம்.

இந்த மண் வில்லையை ஓட்டில் நடு பார்த்து ஒட்டி மூடினால், நின்றது, ஆனால் யாரோ காதில் ரகசியம் சொல்வதைக் கேட்பதுபோல் சாய்ந்து நின்றது. வில்லை நடுவிலிருந்து 2 மி.மீ. விலகினாலே பொம்மை நாலரை டிகிரி சாய்கிறது, தலை நுனி 6 மி.மீ. தள்ளிப் போகிறது. கண்ணால் நடு பார்ப்பது நடக்கிற காரியமில்லை. அடியில் மெழுகு கொஞ்சம் வைத்து வில்லையைத் தற்காலிகமாக உட்காரவைத்து, இரு பாதியையும் டேப்பால் ஒட்டி, கண்ணாடிப் பலகைமேல் நிறுத்திப் பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் வில்லையை நகர்த்த வேண்டும். மூன்று நான்கு தடவையில் நேராகிவிடும். பிறகு சுற்றிலும் பென்சில் கோடு போட்டு, எடுத்து, கெட்டிப் பசை தடவி வைத்து, மேலே மூன்று காகிதப் பட்டை குறுக்கும் நெடுக்குமாக.

தையலுக்கு 2 செ.மீ. அகலத்தில் இரண்டு சுற்று மெல்லிய தாள். அதற்குமேல் போட்டால் இடுப்பில் மேடு விழும். மேடு என்றால் முதல் பொம்மையின் முனை வேறு வேடத்தில் வந்த மாதிரி. காய்ந்தபின் 120 நம்பர் உப்புத்தாளால் விரல் தடவித் தெரியாத அளவுக்குத் தேய்க்க வேண்டும்.

நான்காவது: மழையில் முடிந்தது

திஞ்ஜான் தண்ணீர்த் திருவிழா முடிந்து மழை இறங்கினால் கணக்கே மாறுகிறது. மாசியில் இரண்டு சுற்று காய ஒரு நாள் போதும், ஆனியில் மூன்று நாள். மைதாப் பசை இரண்டாம் நாளே புளித்துப் பூஞ்சை கட்டும். பைண்டிங் வேலைக்காரர்கள் பசையில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். பூஞ்சை பிடிக்காது என்பது உண்மை, ஆனால் அது விஷம். குழந்தை வாயில் வைக்கிற சாமானுக்கு வேண்டாம். அன்றன்றைக்குக் கொஞ்சமாகக் காய்ச்சிக்கொள்வதே மேல். அடுப்பு மேடைக்கு மேலே கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுக் காயவைத்தோம்.

எறிவதைத் தாங்க, அடி உருண்டையில் மட்டும் பழைய பருத்திக் கைலித் துணியைக் கிழித்து ஐந்தாவது ஆறாவது சுற்றுக்கிடையே ஒரு சுற்று ஒட்டினோம். இந்த ஒரு மாற்றம் செய்தது பெரிய வித்தியாசம். துணி அடியில்தான், கூம்பில் கூடாது. மேலே ஏறும் ஒவ்வொரு கிராமும் கீழே வைத்த எடைக்கு எதிர்வேலை செய்யும்.

வண்ணத்துக்கு அடியில் பூசும் பட்டிக்குப் புளியங்கொட்டைப் பசை. கொட்டையை மணலில் வறுத்து, தோல் நீக்கி, இரவு ஊறவைத்து, அரைத்து, பத்து மடங்கு தண்ணீரில் கூழாகக் காய்ச்சியது. தஞ்சாவூர் ஓவியப் பலகைக்கும் இந்தப் பசைதான் கைகொடுக்கும். சாக்குப்பொடி மூன்று பங்கு, பசை ஒரு பங்கு, கெட்டித் தயிர் பதம். ஒரே பூச்சாகக் கனமாக அடித்தால் காய்ந்த குளத்துச் சேறுபோல் வெடிக்கும். மெல்லிசாக மூன்று பூச்சு, நடுநடுவே 220 நம்பர் உப்புத்தாள்.

சிவப்புக்குப் பழைய டப்பா இனாமல் வேண்டாம், அதில் ஈயம் இருக்கலாம். தண்ணீரில் கரையும் வண்ணம் இரண்டு பூச்சு, முழுக்கக் காய்ந்தபின் பொன் கோடு. வார்னிஷில் குழைத்த பித்தளைத் தூள் ஈரக்காற்றில் கறுக்கும், அதனால் அதன்மேல் ஒரு வார்னிஷ் பூச்சு கட்டாயம். கண்ணைக் கடைசியில், பொம்மை நின்று அமைதியானபின் எழுத வேண்டும். கையில் பிடித்துக்கொண்டு எழுதினால் எது நேர் என்று தெரியாது, நிறுத்தியபின் ஒரு கண் மேலே ஏறியிருக்கும். மூன்றாவது பொம்மைக்கு இப்போதும் அந்தப் பார்வைதான்.

அச்சு மாற்றினால் போதும், இதே கைவேலையில் பொன்னிற ஜீக்வெட் ஆந்தை ஜோடியும் வரும். அதற்கு எடை வைக்கும் தொல்லை இல்லை.

நான்காவது பொம்மை சிமெண்ட் தரையில் முழங்கால் உயரத்திலிருந்து பத்து தடவை விழுந்து பத்து தடவையும் எழுந்தது. அடியில் மிளகளவு சிவப்பு உதிர்ந்து பட்டி தெரிகிறது. துணி கிழியவில்லை. அந்த இடத்தில் மட்டும் பட்டி கொஞ்சம் கனமாக விழுந்திருக்கிறது. அடுத்ததில் அடிக்கு இரண்டு பூச்சோடு நிறுத்த வேண்டும்.