வாவிச் சேற்றில் காபன்: களக்குறிப்புகள்

யூலை 9
மட்டக்களப்பு வாவியின் வலையிறவுப் பக்கம் சேறு எடுப்பு. 5 சென்ரிமீற்றர் உள்விட்டமுள்ள பி.வி.சி. குழாய். அதன் கீழ்விளிம்பை வெளிப்புறமாகச் சரித்து அராவியிருக்க வேண்டும். சுத்தியலால் அடித்தால் சேறு அமுங்கும். மெல்லத் திருகி இறக்குவதே நல்லது. இறக்கியதும் குழாயின் உள்ளேயும் வெளியேயும் சேற்று மட்டத்தை அளக்க வேண்டும். 60 செ.மீ. இறங்கிய குழாய்க்குள் மட்டம் 6 செ.மீ. தாழ்ந்திருந்தால், 60 செ.மீ. சேறு 54 ஆக நெரிந்திருக்கிறது. இதைக் குறிக்காமல் விட்டால் பிறகு ஆழக் கணக்கு எதுவும் நிற்காது. மேல்வாயைத் தண்ணீர் நிரப்பி இறுக மூடிய பிறகே குழாயை இழுக்கலாம். காற்றுப் புகுந்தால் அடிச்சேறு நழுவிவிடும்.

யூலை 10
குழாய்ச் சேறு 2 செ.மீ. துண்டுகளாக. மேலே சில மில்லிமீற்றர் பழுப்பு. அதன்கீழ் கறுப்பு, அழுகிய முட்டை மணம். ஒட்சிசன் எட்டுவது ஏறக்குறைய அந்தப் பழுப்புவரைதான். கீழே பெரும்பாலும் சல்பேற்றைக் கொண்டே நுண்ணுயிர்கள் வாழ்கின்றன, சிதைவு மெதுவாகிறது. களித்துணிக்கையில் ஒட்டிய காபன் இன்னும் நெடுங்காலம் தங்கும். கறுப்புத் துண்டைத் திறந்து வைத்தால் விளிம்பு பழுப்பாக மாறும்: இரும்புச் சல்பைட்டில் ஒட்சிசன் ஏறுகிறது. எடுத்த உடனே மூடிக் குளிரில் வைக்கச் சொல்வது இதனால்தான்.

யூலை 15
60 பாகையில், நிறை மாறாமல் நிற்கும்வரை உலர்த்தல். காபன் வீதத்தை மட்டும் எழுதிவிட்டுப் போகும் அறிக்கைகள் பயன்படாதவை. அடர்த்தி இல்லாமல் சேற்றிலுள்ள மொத்தக் காபன் இருப்பு தெரியாது. உதாரணக் கணக்கு: 2 செ.மீ. துண்டின் கனவளவு 39.3 கன செ.மீ., உலர்நிறை 31.4 கிராம் என்றால் அடர்த்தி கன செ.மீ.க்கு 0.8 கிராம். காபன் 2 வீதமானால், மேல் 10 செ.மீ.க்குச் சதுர மீற்றருக்கு 1.6 கிலோ, ஹெக்டயருக்கு 16 தொன்.

யூலை 17
சிப்பித்தூள் உள்ள துண்டுகளுக்கு ஐதான ஐதரோகுளோரிக் அமிலம், நுரை அடங்கும்வரை. அமிலம் விடாமல் காபன் அளந்தால் ஓட்டின் காபனும் சேர்ந்துவிடும். 550 பாகையில் 4 மணிநேரம் எரித்து, குறையும் நிறையிலிருந்து காபனைக் கணிப்பது மலிவான வழி. ஆனால் களிக்குள் பிணைந்த நீரும் வெளியேறுவதால் எண் பெருக்கும். சில துண்டுகளையாவது காபன் பகுப்பியில் ஒப்பிட்டாக வேண்டும்.

ஓகஸ்ட் 3
உலகக் கடலடியின் மேல் 1 மீற்றரில் சுமார் 2.3 இலட்சம் கோடி தொன் காபன் உண்டென்பது 2020இல் வந்த மதிப்பீடு. கடலடியில் இழுத்துச் செல்லும் வலையான இழுவைமடி அதைக் கிளறுவது உண்மை. அதில் எவ்வளவு காபனீரொட்சைட்டாகிறது என்பதில் ஆய்வாளர்களிடையே பெரிய சர்ச்சை. இலங்கையில் 2017இலேயே அடிமட்ட இழுவைக்குச் சட்டத் தடை வந்தது. வாவிக்குள் கவலை வேறு: கண்டலை வெட்டி இறால் குளம் தோண்டுவது. வரம்பில் கொட்டிய சேறு வெயிலில் காய்ந்து ஒட்சிசனைக் குடிக்கிறது, காபன் போகிறது. கூடவே சேற்றிலுள்ள பைரைற்று என்ற இரும்புச் சல்பைட்டுக் கனிமம் கந்தக அமிலமாகிறது, மழைக்குக் குளத்துநீர் புளிக்கிறது, இறாலும் சாகிறது.

ஓகஸ்ட் 5
முகத்துவார மணற்றிடலை வெட்டுவதையும் இதே காபன் இழப்புக் கணக்கில் சேர்ப்பது தவறு. அலை அலசிய மணலில் காபன் மிகக் குறைவு. அங்கே உப்புத்தன்மையையும் மீன் வரவையும் பார்க்க வேண்டும். உட்பக்கக் களிச்சேற்றை வாரும்போதுதான் எத்தனை செ.மீ. ஆழம், வாரியதை எங்கே கொட்டுகிறார்கள் என்று கேட்க வேண்டும்.