பாகாயத்தில் டிரம்ப்புக்கு ஒரு ஜெபம்

1977-ல் டொனால்ட் டிரம்ப்பின் முதல் திருமணத்தை நடத்திவைத்தவர் நார்மன் வின்சென்ட் பீல். நியூயார்க்கில் மார்பிள் காலேஜியட் சபையின் போதகர். அது அமெரிக்க ரிஃபார்ம்ட் சபையைச் சேர்ந்தது. 1853-ல் நம் ஆற்காடு மிஷனைத் தொடங்கிய ஸ்கடர் சகோதரர்களும் அதே சபைதான். வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அந்தக் குடும்பத்துப் பெண். வேலூர் பாகாயத்தில் இருக்கும் என் பெரியம்மாவிடம் இதைச் சொன்னேன். “அப்போ நம்ம சபைப் புள்ளைதானே” என்று முடித்துவிட்டார்.

பெரியம்மா ரிட்டயர்ட் நர்ஸ். டல்லாஸில் இருக்கும் மருமகன் அனுப்பும் வாட்ஸ்அப் செய்திகள்தான் அவருக்கு உலகச் செய்தி. வியாழக்கிழமை வீட்டுக் கூட்டத்தில் “கோரேசை எழுப்பினவரே” என்று அவர் டிரம்ப்புக்காக ஜெபிக்கும்போது பாதிப் பேர் ஆமென் சொல்வார்கள், மீதிப் பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

கோரேசு, யூதர்களைச் சிறையிருப்பிலிருந்து விடுவித்த பெர்சிய ராஜா. ஏசாயா 45-ம் அதிகாரத்தில் வருகிறார். டிரம்ப் 45-வது ஜனாதிபதி ஆவார், ஆகவே இவர்தான் கோரேசு என்று 2016-ல் லான்ஸ் வால்நாவ் என்கிற ஊழியர் முடிச்சுப் போட்டார். கெட்டிக்கார முடிச்சு. கோரேசு விசுவாசி இல்லையே! அப்புறம் தலைவனின் ஒழுக்கத்தைப் பற்றி யாரும் கேள்வி கேட்க முடியாது. அந்தத் தேர்தலில் வெள்ளை இவாஞ்சலிக்கல்களில், அதாவது சுவிசேஷப் பிரசங்கத்தை முன்வைக்கும் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்களில், பத்தில் எட்டுப் பேர் அவருக்கே ஓட்டுப் போட்டார்கள்.

இவாஞ்சலிக்கல்களுக்கும் டிரம்ப்பின் குடியரசுக் கட்சிக்குமான இந்தக் கூட்டணி கருக்கலைப்பு எதிர்ப்பில் பிறந்தது என்பார்கள். ஆனால் 1979-ல் போதகர் ஜெர்ரி ஃபால்வெல் ‘மாரல் மெஜாரிட்டி’ என்ற அரசியல் இயக்கத்தைத் தொடங்குவதற்கு முன்பே வேறொரு கோபம் புகைந்துகொண்டிருந்தது. பாப் ஜோன்ஸ் என்ற கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் கறுப்பரும் வெள்ளையரும் காதலிக்கக் கூடாது என்று விதி. அதற்காக அரசு வரிவிலக்கை ரத்து செய்தது. 1983-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அந்த விதியை எடுக்க 2000-ம் ஆண்டு வரை ஆனது. (நம் சபைகளின் கல்யாண விளம்பரங்களைப் படித்தால் நமக்கும் சிரிக்க யோக்யதை இல்லை.)

எங்கள் ஜெபங்களும் யுத்த பாஷைதான். சத்துருவின் கோட்டையைத் தகர்க்கிறோம், பட்டணத்தைச் சுதந்தரிக்கிறோம் என்று சத்துவாச்சாரி வரை கேட்கிற மாதிரி ஜெபித்துவிட்டு, வெளியே வந்து பாய் கடையில் டீ குடிப்போம். சண்டை ஆகாயத்தோடு சரி. எபேசியர் 6:12-ம் அதைத்தான் சொல்கிறது: நமக்குப் போராட்டம் ‘மாம்சத்தோடும் இரத்தத்தோடுமல்ல’. ஆனால் அரசியல்வாதிக்கு ஓட்டுப் போடுவது ஆவி இல்லை, ஆள். அதனால் சத்துருவுக்கும் ஆள் வேண்டியிருக்கிறது: குடியேறி, முஸ்லிம், எதிர்க்கட்சிக்காரன். ஒருவனைப் பிசாசின் கையாள் என்று சொல்லிவிட்டால் அவனோடு எதற்குப் பேச்சுவார்த்தை, எதற்கு ஓட்டு எண்ணிக்கை?

தேர்தலில் டிரம்ப் தோற்றபின், 2020 டிசம்பரில், பைபிளில் எக்காளச் சத்தத்தில் மதில் விழுந்த யெரிகோவின் பெயரில் பேரணி நடத்தி வாஷிங்டனில் எக்காளம் ஊதினார்கள். அடுத்த மாதம் 6-ம் தேதி நாடாளுமன்றத்துக்குள் கூட்டம் புகுந்தது. வெளியே ‘இயேசு இரட்சிக்கிறார்’ பதாகைகள் இருந்தன, ஒரு தூக்குமரமும் இருந்தது. செனட் மன்றத்துக்குள் கொம்பு வைத்த தொப்பிக்காரன் ஒலிபெருக்கியில் ஜெபம் செய்தான். அந்த வீடியோவைப் பார்த்தபோது எனக்குப் பயமாக இருந்தது. அவன் ஜெபித்த தோரணை அத்தனை பழக்கமானது.

எனக்கு ஆற்றாமை என்னவென்றால், இதே பேச்சை இந்தியாவில் நாம் எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்கிறவர்கள். தேசம் எங்களுடையது, இவர்கள் அந்நியர், நம் ஜனத்தொகையைக் குறைக்க வந்தவர்கள். 1999-ல் ஒடிசாவில் ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸையும் அவருடைய இரண்டு பையன்களையும் ஜீப்புக்குள் வைத்து எரித்தவர்களுக்கும் அந்தப் பேச்சுதான் துணை. 2002-ல் ஜெயலலிதா மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவந்தபோது எங்கள் சபையில் எத்தனை பதற்றம்!

போன கிறிஸ்துமஸுக்கு அந்த டல்லாஸ் மச்சான் வந்திருந்தபோது கேட்டேன். “இங்க நம்மளச் சொல்றதைத்தானே மச்சான் அங்க நீங்க மெக்சிகோக்காரனைச் சொல்றீங்க?”

“அது வேற, இது வேற. நாங்க லீகலா போனோம்.”

“ஸ்டெயின்ஸும் விசாவோடதானே வந்தாரு?”

பெரியம்மா குறுக்கே வந்து சாப்பிடக் கூப்பிட்டார். அந்த வார வியாழக்கிழமையும் கோரேசு வந்தார். எங்கள் தெருவில் முனிசிபல் குழாயில் தண்ணீர் வராததற்கும் சேர்த்தே ஜெபித்தார்கள். அதற்கு மட்டும் எல்லாரும் ஆமென் சொன்னோம்.