மேலே போகும் பந்தில் என்ன விசை?

பிளஸ் ஒன் வகுப்பில் நியூட்டன் விதிகளைத் தொடங்கும் முன் ஒரு கேள்வி கேட்பது என் வழக்கம். செங்குத்தாக எறிந்த பந்து கையை விட்டுக் கிளம்பி, பாதி உயரத்தில் மேலே போய்க்கொண்டிருக்கிறது. காற்றைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அதன்மேல் என்னென்ன விசைகள்? வெளிவிசை இல்லாதவரை நிற்பது நிற்கும், ஓடுவது நேர்கோட்டில் சீராக ஓடும் என்ற முதல் விதியை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் பிள்ளைகளும் இப்படித்தான் சொல்வார்கள்: "நாம குடுத்த விசை மேல தள்ளுது டீச்சர், புவியீர்ப்பு கீழ இழுக்குது. உச்சில ரெண்டும் சமமாயிடும்."

தேர்வில் இதற்கு மதிப்பெண் இல்லை; கையை விட்ட பந்தின்மேல் புவியீர்ப்பு மட்டுமே உண்டு, மேலே தள்ளும் விசை எதுவும் இல்லை. ஆனாலும் அசட்டுப் பதில் என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை. 1590 வாக்கில் பைசாவில் கணிதம் கற்பித்த இளம் கலிலியோ, அச்சுக்குக் கொடுக்காமல் வைத்திருந்த எழுத்துகளில் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறார். எறிந்தவர் ஏற்றிய விசை மேலே போகப்போகத் தீர்கிறது. அது எடைக்குச் சமமாகும் இடத்தில் பொருள் திரும்புகிறது.

நம் பாடங்கள் அரிஸ்டாட்டிலை ஒரு வரியில் தவறு என்று சொல்லிவிட்டு நேரே கலிலியோவுக்குத் தாவிவிடுகின்றன. இடையில் கிட்டத்தட்ட இரண்டாயிரம் ஆண்டுகள் இருக்கின்றன. என் மாணவர்கள் நிற்பதும் அங்கேதான்.

தொட்டுத் தள்ள ஒன்று இல்லாமல் எதுவும் நகராது என்பது அரிஸ்டாட்டிலின் கொள்கை. அதனால் கையை விட்டுப் போன கல்லைக் காற்று தள்ளுகிறது என்று அவர் சொல்ல வேண்டி வந்தது. 6-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த தத்துவ அறிஞர் பிலோப்பனஸ் இதை மறுத்தார். அப்படியானால் அம்பின் பின்னால் காற்றை மட்டும் கலக்கிவிட்டால் அம்பு பாய வேண்டுமே என்றார். எறிபவர் பொருளுக்குள்ளேயே ஒரு விசையைச் செலுத்துகிறார் என்பது அவர் முடிவு.

14-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் பூரிதான் என்ற தத்துவ ஆசிரியர் அதைக் கூர்மையாக்கினார். பம்பரம் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. அதைப் பின்னாலிருந்து எந்தக் காற்று தள்ளும்? உள்ளே ஏறிய உந்துதல் பொருளில் அடங்கிய பருப்பொருளின் அளவையும் வேகத்தையும் பொறுத்தது, எதிர்ப்பு இல்லாவிட்டால் தேயாது என்றார். நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கிப் பெறும் இன்றைய உந்தத்துக்கு எவ்வளவு அருகில் வந்துவிட்டார் என்று எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பாக இருக்கும். ஆனால் அவருக்கு அது இயக்கத்தின் காரணம்; நமக்கு இயக்கத்தின் அளவு. அந்த இடைவெளியைக் கடக்கத்தான் அத்தனை காலம் பிடித்தது.

கடந்த விதத்தை வகுப்பிலேயே காட்டலாம். பிவிசி குழாயை நீளவாக்கில் பிளந்து, இரண்டு சரிவுகளை எதிரெதிரே வைத்துக் கோலிக்குண்டை உருட்டுவேன். அந்தப் பக்கம் ஏறக்குறைய அதே உயரத்துக்கு ஏறும். இரண்டாவது சரிவைத் தாழ்த்தத் தாழ்த்த இன்னும் தொலைவு ஓடும். முழுக்கக் கிடையாக வைத்து, உராய்வும் இல்லையென்றால்? நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். கலிலியோ 1638-இல் வெளியிட்ட நூலின் வாதம் இதுதான். எது ஓடவைக்கிறது என்ற கேள்வி விழுந்து, எது நிறுத்துகிறது என்ற கேள்வி எழுகிறது. தடையில்லாமல் ஓடும் பொருள் நேர்கோட்டில் செல்லும் என்பதை 1644-இல் பிரெஞ்சு அறிஞர் தெகார்த் தெளிவாக்கினார்.

1687-இல் வந்த நியூட்டனின் நூலிலும் பழைய பேச்சு முழுக்க மறையவில்லை. மூன்றாம் வரையறையில், தன் நிலை மாறுவதை எதிர்க்கும் இயல்பான நிலைமத்தைப் பொருளுக்குள் உறையும் விசை என்றே அழைக்கிறார். நான்காவதில்தான் கணக்கு தீர்கிறது: வெளியிலிருந்து செலுத்தும் விசை அந்தச் செயலில் மட்டுமே உண்டு, செயல் முடிந்ததும் பொருளில் தங்குவதில்லை. பாடநூலில் இல்லாத இந்த வரையறையைத்தான் முதல் விதிக்கு முன்னால் கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன்.