நகரம் பற்றிய கேள்வியில் எனக்கு மார்க் போனதும் வந்ததும்

சிவில் சர்வீஸ் மெயின்ஸ் தேர்வு மார்க் வந்துவிட்டது. சமூகவியல் இரண்டாம் தாளில் போன முறை 94, இந்த முறை 127. பார்த்ததும் யாருக்கும் போன் செய்யத் தோன்றவில்லை, புதுச்சேரி கடற்கரைச் சாலையில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

போன முறை நகர்மயமாதல் கேள்விக்கு லெஃபெவ்ர், ஹார்வி, காஸ்டெல்ஸ் என்று நகர ஆய்வு அறிஞர்களின் பெயர்களை அடுக்கி ஒன்றரைப் பக்கம் எழுதினேன். எந்த ஊர், எந்தத் தெரு, யார் கேட்டார்கள், யார் மறுத்தார்கள் என்று ஒரு வரி கிடையாது. மார்க் போனது அங்கேதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

இத்தனைக்கும் என் தாத்தா புதுச்சேரி ரோடியர் மில் தொழிலாளி. வருஷா வருஷம் ஜூலை 30 அன்று வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு அஞ்சலிக்குப் போய்விடுவார். 1936-ல் அதே நாளில் புதுச்சேரி சவானா மில் போராட்டத்தில் பிரெஞ்சுப் போலீஸ் சுட்டு 12 தொழிலாளர்கள் இறந்தார்கள், தொழிற்சங்கத் தலைவர் வ.சுப்பையா முன்னின்ற இயக்கம் அது. அடுத்த வருடமே பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலைக்குச் சட்டம் வந்தது. வீட்டுக்குள்ளேயே இருந்த இந்த விஷயம் பாடத்திட்டத்தில் வரும் என்று எனக்கு உறைக்கவே இரண்டு வருடம் ஆகியிருக்கிறது.

சரி, நான் செய்த மாற்றம் ஒன்றுதான். ஒவ்வொரு ஊருக்கும் இரண்டு கேள்வி: இங்கே பணம் எப்படிக் குவிந்தது? அதனால் இங்கே வந்து சேர்ந்த மக்கள் எதைக் கேட்டார்கள்? லாபத்துக்காக ஆயிரக்கணக்கான பேரை ஒரே கூரைக்குள் கொண்டுவந்த மில்தான் அவர்கள் சங்கமாகச் சேரவும் இடம் கொடுத்தது. இதை எழுதிவிட்டு, அப்புறம் நகரத்தை மூலதனம் எப்படி வடிவமைக்கிறது என்று சொன்ன ஹார்விக்கு ஒரு வரி போதும்.

நான் கையில் வைத்திருந்த உதாரணங்கள்:

- பாரிஸ்: 19-ஆம் நூற்றாண்டில் நகரத்தை மாற்றிக் கட்டிய அதிகாரி ஓஸ்மான் அகலப்படுத்திய சாலைகள், ஏழைகள் ஓரத்துக்குப் போனது, 1871-ல் நகர மக்கள் எழுந்து ஆட்சியைப் பிடித்த கம்யூன்.
- சென்னை: 1918-ல் தொடங்கிய தொழிற்சங்கமான மெட்ராஸ் லேபர் யூனியன். கூடவே 1921 பின்னி மில் வேலைநிறுத்தம், புளியந்தோப்புக் கலவரம். தொழிலாளர்கள் ஆதிதிராவிடர், சாதி இந்துக்கள் என்று பிளவுபட்டார்கள். வர்க்கம் மட்டும் எழுதிச் சாதியை விட்டால் பதில் பாதிதான், தயவுசெய்து இதை விடாதீர்கள்.
- மும்பை: 1982 ஜவுளி மில் வேலைநிறுத்தம், சுமார் இரண்டரை லட்சம் பேர், பிறகு மில் நிலங்களில் மால்கள்.
- கண்ணகி நகர் (சென்னைக் குடிசைவாசிகளை இடம் மாற்றிக் குடியமர்த்திய பகுதி): வேலை நகரத்துக்குள், வீடு மட்டும் ஊரின் ஓரத்தில்.
- புதுச்சேரி பெரிய வாய்க்கால்: கிழக்கே வெள்ளையர் நகரம், மேற்கே தமிழர் பகுதி.

நான் நடந்துகொண்டே படிக்கிற ஆள், வாய்க்கால் ஓரம் நடந்தே பாதிக் குறிப்பை மனப்பாடம் செய்தேன். குழுவாகப் படிப்பது எனக்குச் சரிப்படவில்லை, உங்களுக்குச் சரிப்பட்டால் செய்யுங்கள்.

தமிழில் எழுதுபவர்கள் கலைச்சொற்களை இப்போதே முடிவு செய்துவிடுங்கள். surplus capital, அதாவது லாபத்தில் மிஞ்சி மறுபடி முதலீடு தேடும் பணம், அதற்கு உபரி மூலதனமா, மிகை மூலதனமா என்று ஹாலில் யோசித்தே எனக்கு நான்கு நிமிடம் போனது, கடைசி 10 மார்க் கேள்வியை அரைகுறையாக முடித்தேன்.