மருந்துக்கடை அலமாரியில் இருக்கும் சீனி

கோவில்பட்டியில் ஒரு மெடிக்கல்ஸில் பார்மசிஸ்டாக வேலை பார்க்கிறேன். எங்கள் ஊர் கடலை மிட்டாய்க்குப் பேர்போனது. 2020இல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது. கடலை மிட்டாய் வாங்குகிறவருக்கு அது இனிப்பு என்று தெரியும், அதனால் ஒன்றோ இரண்டோ தின்றுவிட்டு நிறுத்திக்கொள்வார். எனக்குக் கவலை, எங்கள் கடை அலமாரியில் உட்கார்ந்திருக்கும் சீனியைப் பற்றித்தான். மாத்திரைக்கும் டானிக்குக்கும் பக்கத்தில் இருப்பதாலேயே அதை உடம்புக்கு நல்லது என்று நம்பி வாங்கிப்போகிறார்கள்.

முதலில் பாலில் கலக்கும் மால்ட் பவுடர். பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை, ஒல்லியாக இருக்கிறான் என்று வரும் அம்மாக்கள் பெரும்பாலும் இதைத்தான் கேட்கிறார்கள். டப்பாவின் முன்பக்கத்தில் உயரம், எலும்பு, மூளை என்று எழுதியிருக்கும். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதை நான் வாசித்துக் காட்டுவேன். 100 கிராமில் 30 கிராமுக்கு மேல் சேர்த்த சர்க்கரை உள்ள பவுடர்கள் இருக்கின்றன. 20 கிராம் பவுடர் போட்டால் அதிலேயே 6 கிராம் சீனி. அதற்கு மேல் வீட்டில் இரண்டு ஸ்பூன் சீனியும் போடுகிறார்கள், அது ஒரு 8 கிராம். காலையும் மாலையும் குடித்தால் 28 கிராம். பெரியவர்களே ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிறுத்திக்கொண்டால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆறு வயதுப் பிள்ளை வேறு எதுவும் தின்னாமலேயே அந்த அளவைத் தாண்டிவிடுகிறது. பால் குடித்து வயிறு நிறைந்ததால் இட்லியும் இறங்குவதில்லை. பிறகு, சாப்பிட மாட்டேன் என்கிறானே என்று இன்னொரு டப்பா வாங்க வருகிறார்கள்.

நம் நாட்டு உணவுச் சட்டத்தில் ‘ஹெல்த் டிரிங்க்’ என்று ஒரு வகையே கிடையாது. 2024 ஏப்ரலில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் இதைத் தெளிவாகச் சொன்னது. இணையத்தில் விற்கும் நிறுவனங்கள் போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை அந்தப் பெயரில் வகைப்படுத்தக் கூடாது என்று மத்திய அரசும் அறிவுறுத்தியது. ஆனால் கடைக்கு வருகிறவர்களின் நாக்கில் அந்தப் பெயர் அப்படியேதான் இருக்கிறது.

அடுத்தது பிஸ்கட். சர்க்கரை நோய் மாத்திரையான மெட்பார்மினுக்குச் சீட்டை நீட்டிவிட்டு, “அப்படியே அந்த சுகர் பிஸ்கட்டும் ஒண்ணு குடும்மா” என்பார்கள். ‘சுகர் ஃப்ரீ’ என்று அட்டையில் போட 100 கிராமில் அரை கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கக் கூடாது. அது சரிதான். ஆனால் மாவுச்சத்து அந்தக் கணக்கில் வராது. பொருள் பட்டியலில் எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும், பல பாக்கெட்டுகளில் அந்த முதல் பெயர் மைதா. அப்புறம் பாமாயில். சிலவற்றில் மால்டோடெக்ஸ்ட்ரினும் இருக்கும். மாவுச்சத்தை உடைத்துச் செய்யும் அந்தப் பொடி இனிக்காது, ஆனால் குளுக்கோஸைப் போலவே விறுவிறுவென்று ரத்தத்தில் ஏறும். பசிக்கு ஒரு கைப்பிடி வேகவைத்த சுண்டல் சாப்பிடுங்கள் பெரியப்பா என்று சொன்னால், ‘இது சுகர்காரங்களுக்குன்னே செஞ்சதுதானே’ என்று திருப்பிக் கேட்கிறார்கள். சென்னையில் இருக்கும் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரும் சேர்ந்து நடத்திய கணக்கெடுப்பு 2023இல் வெளியானது. இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அது மதிப்பிட்டது. அத்தனை பேரையும் நம்பித்தான் இந்த பிஸ்கட் அலமாரிக்கு வருகிறது.

ரஸ்க், இன்ஸ்டன்ட் ஓட்ஸ், எனர்ஜி பார் எல்லாவற்றின் கதையும் கிட்டத்தட்ட இதேதான். குளுக்கோஸ் பவுடரை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். இன்சுலின் போடுகிறவருக்குச் சர்க்கரை இறங்கிக் கை நடுங்கும்போது அதுதான் மருந்து. வெயிலில் விளையாடிவிட்டு வரும் பிள்ளைக்குத் தண்ணீரே போதும்.

எனக்கு மனசு ஆறாத விஷயம் ஓஆர்எஸ், அதாவது பேதிக்குத் தண்ணீரில் கலந்து குடிக்கும் உப்பு, குளுக்கோஸ் பொடி. பேதியாகும்போது உடம்பு தண்ணீரோடு உப்பையும் இழக்கிறது. குடலில் குளுக்கோஸும் சோடியமும் ஒன்றாக உள்ளே போகும் ஒரு வழி இருக்கிறது. அவை போகும்போது தண்ணீரும் கூடவே போகும். இந்த ஒரு உண்மையை வைத்துத்தான் 1971இல் டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் ஆயிரக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றினார். வங்கதேசப் போரில் அகதிகளாக வந்தவர்கள் மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் காலராவில் செத்துக்கொண்டிருந்தார்கள். நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோக, உப்பும் குளுக்கோஸும் சமையல் சோடாவும் கலந்த தண்ணீரை டிரம்களில் நிரப்பிக் குடிக்கக் கொடுத்தார். சாவு எண்ணிக்கை மளமளவென்று இறங்கியது. 2022இல் அவர் காலமான பிறகு பத்ம விபூஷண் அறிவித்தார்கள்.

இன்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவில், ஒரு லிட்டருக்கான பாக்கெட்டில் 20.5 கிராம் பொடி இருக்கும். அதில் குளுக்கோஸ் 13.5 கிராம், சாதாரண உப்பு 2.6, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9. இந்த அளவுதான் அதன் உயிர். குளுக்கோஸ் கூடிப்போனால் குடலுக்குள் இருக்கும் கரைசல் அடர்த்தியாகி, உடம்பிலிருந்து தண்ணீரைக் குடலுக்கு இழுக்கும். நிற்க வேண்டிய பேதி அதிகமாகும்.

இது தெரிந்தும், இனிப்பான பழச்சுவைப் பானங்களை டெட்ரா பேக்கில் அடைத்து ஓஆர்எஸ் என்ற எழுத்துகளைப் பெயரில் சேர்த்து வருடக்கணக்கில் விற்றார்கள். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் எட்டு வருடங்கள் இதை எதிர்த்துப் போராடினார். இவற்றில் லிட்டருக்கு 120 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருக்கிறது என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அட்டையில் ‘இது உலக சுகாதார நிறுவனத்தின் ஓஆர்எஸ் அல்ல’ என்று ஒரு வரி போட்டால் போதும் என்றுகூட இடையில் அனுமதி இருந்தது. வாடிய பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இரவு ஒன்பது மணிக்கு ஓடி வரும் தாய் அந்த வரியை எங்கே வாசிப்பாள்? 2025 அக்டோபர் 14 அன்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்த அனுமதியை ரத்து செய்தது. சரியான கலவை இல்லாத எந்தப் பானத்தின் பெயரிலும் ஓஆர்எஸ் வரக் கூடாது என்றது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் பழக்கம் போகவில்லை. இப்போதும் “ஜூஸ் மாதிரி இருக்குமே, அந்த ஓஆர்எஸ் குடுங்கக்கா” என்றுதான் கேட்கிறார்கள். நான் பொடி பாக்கெட்டை எடுத்துவைத்து, கொதித்து ஆறிய தண்ணீரில் அட்டையில் போட்டிருக்கும் அளவுக்கு முழுப் பாக்கெட்டையும் கலக்கச் சொல்கிறேன். பாதிப் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கொட்டக் கூடாது, சீனி சேர்க்கக் கூடாது, கலந்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. பிள்ளை துவண்டு கிடந்தாலோ ஒன்றுக்குப் போகாமல் இருந்தாலோ என்னிடம் வந்து நிற்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்பேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தப் பொடி இலவசம்.

சிலி நாட்டில் 2016இலிருந்து, சர்க்கரை மிகுந்த பாக்கெட்டின் முன்பக்கத்திலேயே கறுப்பு எண்கோண முத்திரை போட வேண்டும் என்பது சட்டம். இங்கே அப்படி ஒன்று வருமா என்று உச்ச நீதிமன்றம் வரை வழக்கு போயிருக்கிறது. எல்லாப் பொருளுக்கும் சேர்த்துக் கொண்டுவர நாளாகும் என்றால், மருந்துக்கடையில் விற்கும் உணவுப் பொருள்களிலிருந்து தொடங்கட்டும். அதுவரை மால்ட் டப்பாவையும் பிஸ்கட்டையும் மாத்திரை அலமாரியிலிருந்து பிரித்துத் தனியாக வைக்க மருந்துக்கடைக்காரர்கள் முன்வர வேண்டும். அதற்கு எந்த உத்தரவும் தேவையில்லை.