ராட்விம்ப்ஸ்: படத்துக்கு முன்பே பாட்டு

‘யுவர் நேம்’ என்ற ஜப்பானிய அனிமேஷன் படம் 2016இல் வந்த பிறகுதான் ஜப்பானுக்கு வெளியே பலருக்கு ராட்விம்ப்ஸ் தெரிந்தது. ஆனால் அவர்கள் 2001இல் கனகாவாவில் பள்ளி மாணவர்களாகத் தொடங்கிய ராக் குழு.

அந்தப் படத்தின் இயக்குநர் மகோடோ ஷின்காய் திரைக்கதை நிலையிலேயே அவர்களைச் சேர்த்துக்கொண்டார். குழுவின் பாடகர் யோஜிரோ நோடா எழுதிய பாடல்களைக் கேட்டுக் காட்சிகளையும் மாற்றினார். அதனால்தான் அந்தப் படத்தில் பாட்டு ஒட்டவைத்ததுபோல் தெரிவதே இல்லை. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

அதற்கு முந்தைய ஆண்டுதான் டிரம்மர் சதோஷி யமகுச்சி நரம்புக் கோளாறால் விலகியிருந்தார். அந்த வலியோடுதான் இவ்வளவு துள்ளலான இசையைத் தந்திருக்கிறார்கள்! அப்புறம் ஷின்காயின் அடுத்த படங்களுக்கும் இசை தந்தார்கள்: 2019இல் ‘வெதரிங் வித் யூ’, 2022இல் ‘சுசுமே’. பாடல்களோடு நிறுத்தாமல் பின்னணி இசையையும் தனியாகக் கேளுங்கள், அந்தப் பியானோவுக்காகவே.